"ஆட்சேபிக்கிறேன்": ஒற்றைச் சொல் அதிகாரம்

அமெரிக்காவின் ஜூனியர் செனட்டரால் ஒரு தெருவிளக்குப் போடக்கூட உத்தரவிட முடியாது. ஆனால் நாடு முழுவதும் வேலையிழந்தவர்களின் உதவித்தொகையை நிறுத்திவைக்க முடியும். கவர்னர், அமைச்சர், துணை அதிபர் ஆகியோருக்கு எதிரில் அவரது பலம்தான் எவ்வளவு?

2010 பிப்ரவரி 25ம் தேதி இரவு. வாஷிங்டனில் செனட் சபை நள்ளிரவை நெருங்கும்வரை கலையவில்லை. வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகையை இன்னும் 30 நாட்களுக்கு நீட்டிக்கும் மசோதா சபையின் முன் இருந்தது. செலவு சுமார் 1,000 கோடி டாலர். பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. ஏகமனதாக நிறைவேற்றிவிடலாம் என்று இல்லினாய் செனட்டர் டிக் டர்பின் மறுபடி மறுபடி முன்மொழிந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். கென்டக்கி மாநிலத்தின் ஜூனியர் செனட்டர் ஜிம் பன்னிங். வயது 78. ஒரு காலத்தில் புகழ்பெற்ற பேஸ்பால் வீச்சாளர். இந்தக் கூத்தால் தன் மாநில அணியின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டது என்று சபையிலேயே அலுத்துக்கொண்டார்.

பணத்தைக் கடன் வாங்காமல், ஏற்கனவே ஒதுக்கிச் செலவாகாமல் கிடக்கும் நிதியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவரது வாதம். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கட்சியிலேயே பலருக்கு சங்கடம். பிப்ரவரி கடைசியில் பழைய சட்டம் காலாவதியானது. மார்ச் 1ம் தேதி திங்கட்கிழமை, மத்திய போக்குவரத்துத் துறையில் சுமார் 2,000 ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சாலை, பால வேலைகள் சில இடங்களில் நின்றன. மறுநாள் சமரசம் ஏற்பட்டது. பன்னிங்கின் திருத்தத்தின் மீது ஓட்டெடுப்பு நடத்த சபை ஒப்புக்கொண்டது. அதில் அவர் தோற்றார். மசோதா 78-19 என்று நிறைவேறியது.

நூறு பேர் கொண்ட சபையில் ஒருவர். கட்சித் தலைவரல்ல. தேர்தலில் மீண்டும் நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டவர். அவரால் மத்திய அரசின் ஒரு துறையை இரண்டு நாள் ஸ்தம்பிக்க வைக்க முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் தான் கேட்டதில் ஒரு சதத்தைக்கூட அவரால் வாங்க முடியவில்லை. அந்த மசோதாவில் அன்றிரவே கையெழுத்துப் போட்ட அதிபர் பராக் ஒபாமாவும் 2008 நவம்பர்வரை ஒரு ஜூனியர் செனட்டராக இருந்தவர்தான்.

'ஜூனியர்' என்ற சொல் கேட்பவரைக் குழப்பும். ஜூனியர் வக்கீல், ஜூனியர் இன்ஜினீயர் மாதிரி இது ஒரு படிநிலை அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, சுமார் நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. அந்த இருவரில் சபைக்குப் பின்னால் வந்தவர் ஜூனியர். அவ்வளவே. சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான், 2009 முதல் ஆண்டுக்கு 1,74,000 டாலர். ஓட்டின் மதிப்பும் ஒன்றுதான்.

தென் கரோலினாவின் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் கதை இதில் உச்சம். கவர்னராக இருந்து, 1966ல் செனட்டுக்கு வந்தவர். அதே மாநிலத்தின் மற்றொரு செனட்டரான ஸ்ட்ராம் தர்மண்ட் நூறு வயதைத் தொட்டும் நாற்காலியை விடவில்லை. அவர் 2003 ஜனவரியில் ஓய்வு பெற்றபோதுதான் ஹாலிங்ஸ் 'சீனியர்' ஆனார். அப்போது அவருக்கு வயது 81. 36 ஆண்டுகள் ஜூனியர்! 2004ல் அதிபர் தேர்தலில் நின்ற ஜான் கெர்ரியும் அப்போது, இருபது வருட அனுபவத்துக்குப் பிறகும், மாசசூசெட்சின் ஜூனியர் செனட்டர்தான். காரணம் டெட் கென்னடி.

பட்டம் பெயரளவில்தான் என்றாலும் புதிதாக வருபவரின் நிலைமை நிஜமாகவே கஷ்டம். சீனியாரிட்டிதான் செனட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நல்ல அலுவலக அறைகள் மூத்தவர்களுக்குப் போன பிறகு மிச்சம் இருப்பது அவருக்கு. அதுவரை சில மாதங்கள் அடித்தளத்திலோ தற்காலிக அறைகளிலோ காலம் தள்ள வேண்டும். கமிட்டிகளில் கேள்வி கேட்கும் முறை கடைசியில் வரும். அதற்குள் சாட்சி சொல்ல வந்தவர் களைத்திருப்பார், நிருபர்கள் கிளம்பியிருப்பார்கள். ஆளும் தரப்பின் இளையவர்களுக்குச் சபைக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு கிடைக்கிறது. கேட்கப் பெருமையாக இருக்கும். நடைமுறையில் அது காலி நாற்காலிகளுக்கு முன் யாரோ ஒருவர் படிக்கும் உரையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நூறு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் 'தங்கச் சுத்தியல்' என்று ஒரு பரிசு தருகிறார்கள்.

ஒரு கையெழுத்தின் வலிமை

இந்திய வாசகருக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே ராஜ்யசபா உறுப்பினர் ஒருவர் இன்று எம்.பி.யாக இருப்பார், நாளை மத்திய அமைச்சராகிவிடுவார், எம்.பி. பதவியும் கூடவே இருக்கும். அமெரிக்க அரசியல் சட்டம் இதைத் தடை செய்கிறது. அமைச்சராக வேண்டுமானால் செனட் பதவியை ராஜினாமா செய்ய வேண்டும். அதனால் செனட்டர் எத்தனை காலம் இருந்தாலும் சட்டம் இயற்றும் பக்கத்தில்தான் இருப்பார். ஒரு அதிகாரியை இடம் மாற்றவோ, ஒரு டாலரைத் தன் கையெழுத்தில் செலவழிக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. அவர் வேலை வாங்கக்கூடியது தன் அலுவலகத்தில் இருக்கும் சில டஜன் உதவியாளர்களிடம் மட்டுமே.

கவர்னர் என்றதும் ராஜ்பவனை நினைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க மாநில கவர்னர் நமது முதலமைச்சருக்கு இணை. ஒருவிதத்தில் அவரைவிடப் பலசாலி. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைக் கவிழ்க்க முடியாது. மசோதாவை நிராகரிக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் பட்ஜெட்டிலிருந்து தனக்குப் பிடிக்காத ஒரு வரியை மட்டும் அடிக்கலாம். நேஷனல் கார்டு என்ற மாநிலப் படைக்கு அவர் தளபதி. கலிபோர்னியா கவர்னர் கையாளும் ஆண்டு பட்ஜெட் 30,000 கோடி டாலரைத் தொடுகிறது. பல நாடுகளின் பட்ஜெட் அந்த அளவுக்கு இல்லை.

இந்த வித்தியாசம் இல்லினாய் மாநிலத்தில் 2003ல் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரி 11ம் தேதி, பதவிக்காலம் முடிய இரண்டு நாட்களே இருக்கும்போது, கவர்னர் ஜார்ஜ் ரயன் மரண தண்டனைக் கைதிகள் 167 பேரின் தண்டனையை ஒரே உத்தரவில் குறைத்தார். முந்தைய நாள் நான்கு பேருக்குப் பொது மன்னிப்பே வழங்கியிருந்தார். அம்மாநிலத்தில் நிரபராதிகள் பலர் தூக்குமேடைவரை போய்த் தப்பியிருந்ததால், அந்த முறையின் மீதே நம்பிக்கை போய்விட்டது என்றார் அவர். கொலையுண்டவர்களின் குடும்பங்கள் கொதித்தன. வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். ஆனால் யாருடைய ஓட்டும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அதே வருடம் அதே மாநில சட்டசபையில், கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு மசோதாவைப் பொறுமையாக நகர்த்திக்கொண்டிருந்தார் மாநில செனட்டர் ஒருவர். போலீசாரிடம் பேசி, எதிர்க்கட்சியிடம் பேசி, வாசகங்களை மாற்றி, கடைசியில் நிறைவேற்றிவிட்டார். பெயர் பராக் ஒபாமா. இரண்டு பேரும் தொட்டது ஒரே பிரச்சினையைத்தான். கவர்னருக்கு ஒரு பேனா போதுமானதாக இருந்தது.

2005 ஜனவரியில் ஒபாமா வாஷிங்டன் போனபோது சீனியாரிட்டி வரிசையில் ஏறக்குறையக் கடைசியில் இருந்தார். அடுத்த ஆண்டு, தனக்கு முற்றிலும் எதிர்க் கொள்கையுடைய ஓக்லஹாமாவின் டாம் கோபர்னுடன் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார். மத்திய அரசின் மானியங்களும் கான்ட்ராக்டுகளும் யார் யாருக்குப் போகின்றன என்பதைப் பொதுமக்கள் கம்ப்யூட்டரில் பார்க்க வழிசெய்யும் மசோதா. திடீரென்று அது நின்றுவிட்டது. யாரோ ஒரு செனட்டர் ரகசியமாகத் தடை போட்டிருந்தார். யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. குடிமக்கள் செனட்டர்களின் அலுவலகங்களுக்கு வரிசையாகப் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார்கள். 1968 முதல் சபையில் இருந்த அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ் என்று வெளியே வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் மூத்த உறுப்பினர் ராபர்ட் பர்டும் தடை போட்டதை ஒப்புக்கொண்டார். அம்பலமானதும் தடை விலகியது. 2006 செப்டம்பரில் அது சட்டமானது. வெளிப்படைத்தன்மைக்கான மசோதாவை ரகசியமாக நிறுத்தியதில் இருந்த வேடிக்கையை அமெரிக்கப் பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை.

கவர்னருக்கு இன்னொரு வினோதமான அதிகாரமும் உண்டு. செனட் இடம் காலியானால் பெரும்பாலான மாநிலங்களில் தற்காலிக செனட்டரை நியமிப்பது அவர்தான். அதிபராகத் தேர்வான ஒபாமா விட்டுச்சென்ற இடத்தை, யார் தனக்கு அதிக லாபம் தருவார்கள் என்று பேரம் பேசியதாக இல்லினாய் கவர்னர் ராட் பிளகோயவிச் 2008 டிசம்பர் 9ம் தேதி கைது செய்யப்பட்டார். கைதாகி ஜாமீனில் வந்தவர், அதே மாதக் கடைசியில் ரோலண்ட் பர்ரிஸ் என்பவரை செனட்டராக நியமித்தும் விட்டார்! சபை முதலில் பர்ரிசை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. சட்டத்தில் வழியில்லாததால் பிறகு ஏற்றுக்கொண்டது. கவர்னருக்கு 14 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2020ல் அதிபர் டிரம்ப் அதைக் குறைத்து விடுவித்தார். அதுவும் ஒற்றைக் கையெழுத்துதான்.

இதனால்தான் 2008 தேர்தலில் "ஒபாமா இதுவரை எதை நிர்வகித்திருக்கிறார்?" என்ற கேள்வி எதிர்த்தரப்பின் பிரதான ஆயுதமானது. துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் அலாஸ்காவின் கவர்னராகி இருபது மாதங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் வசில்லா என்ற சிற்றூரின் மேயர். ஆனாலும் பட்ஜெட் போட்டவர், ஆட்களை நியமித்தவர், நீக்கியவர் என்று அவர் தரப்பு மார்தட்டியது. வாதம் மலிவானது என்றாலும் சரித்திரம் அதன் பக்கம்தான் இருந்தது. கார்ட்டர், ரீகன், கிளின்டன், ஜார்ஜ் டபிள்யு. புஷ் எல்லோரும் கவர்னர்கள். செனட்டராக இருக்கும்போதே நேராக அதிபரானவர்கள் ஹார்டிங், கென்னடி, ஒபாமா ஆகிய மூவர் மட்டுமே. செனட்டில் ஆயிரக்கணக்கான ஓட்டுகளைப் போட்டவருக்கு எதிரிகள் எடுத்துக்காட்ட ஆயிரக்கணக்கான சாட்சியங்கள் இருக்கும். தன் சாதனை என்று சொல்லிக்கொள்ள ஒரு பாலம்கூட இருக்காது.

மறிக்கும் உரிமை

அப்படியானால் செனட்டர் வெறும் பொம்மையா? இல்லை. செனட் சபையின் அன்றாட வேலைகள் பெரும்பாலும் விதிகளின்படி நடப்பதில்லை, 'எல்லோருக்கும் சம்மதம்' என்ற ஏற்பாட்டின்படி நடக்கின்றன. விதிகளின்படி நடத்தினால் ஒவ்வொரு விஷயத்துக்கும் நாள்கணக்கில் ஆகும். அதனால் ஒருவர் 'சம்மதமில்லை' என்றாலே போதும், வண்டி நின்றுவிடும். இதை முன்கூட்டியே தலைமைக்குத் தெரிவித்து வைப்பதற்கு 'ஹோல்டு' என்று பெயர். இது தவிர, விவாதத்தை முடிக்க 60 பேர் ஆதரவு வேண்டும் என்ற விதி. பேசிப் பேசியே மசோதாவைக் காலி செய்யும் 'பிலிபஸ்டர்' இதில்தான் பிறக்கிறது. தன் மாநிலத்துக்கு நியமிக்கப்படும் மாவட்ட நீதிபதியைப் பிடிக்கவில்லை என்றால் ஒப்புதல் சீட்டைத் திருப்பி அனுப்பாமலேயே அந்த நியமனத்தை முடக்கும் மரபும் உண்டு. இவை எதிலும் ஜூனியர், சீனியர் பேதம் கிடையாது.

நேற்று வந்தவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அலபாமாவின் டாமி டியூபர்வில் உதாரணம். கல்லூரி கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து 2021ல் செனட்டுக்கு வந்தவர். அம்மாநிலத்தின் மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டதால் இரண்டே ஆண்டில் 'சீனியர்' பட்டம் வந்துவிட்டது. ஆனால் அது முதல் பதவிக்காலம். கருக்கலைப்புக்காக வேறு மாநிலம் போக வேண்டியிருக்கும் ராணுவப் பெண்களுக்குப் பயணச் செலவு தருவது என்ற பென்டகனின் கொள்கையை எதிர்த்து, 2023ல் அவர் மூத்த ராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வுகள் அனைத்தையும் நிறுத்தினார். சாதாரணமாக நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே மூச்சில் ஏகமனதாக நிறைவேறும். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டெடுப்பு தேவைப்பட்டது. அந்த ஜூலையில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் முதல் தடவையாக, கடற்படைக் காலாட்படையான மரீன் கோருக்கு முறைப்படி ஒப்புதல் பெற்ற தளபதி இல்லாமல் போனார்.

பாதிக்கப்பட்ட அதிகாரிகளில் யாரும் அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் அல்ல. புதிய பதவிக்குப் போகலாம் என்று காத்திருந்த குடும்பங்கள் வீட்டை மாற்றுவதா, பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் தவித்தன. டிசம்பர் 5ம் தேதி, சொந்தக் கட்சியினரே கோபமடைந்த நிலையில், 400க்கும் மேற்பட்ட பதவி உயர்வுகளை அவர் விடுவித்தார். கொள்கை அப்படியே இருந்தது. 2025 ஜனவரி இறுதியில் புதிய அரசு வந்ததும் பென்டகன் ஒரு சுற்றறிக்கை அனுப்பி அந்தக் கொள்கையை ரத்து செய்தது. பத்து மாதம் ஒரு ராணுவத்தையே காக்க வைத்தும் நடக்காத காரியம், நிர்வாகம் கைமாறியதும் ஒரு தாளில் முடிந்துவிட்டது.

பேச்சுக்கும் இதே கதிதான். 1957ல் ஜூனியர் செனட்டர் தர்மண்ட் கறுப்பர்களின் வாக்குரிமை மசோதாவுக்கு எதிராக 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். அவர் உட்கார்ந்த சிறிது நேரத்தில் மசோதா நிறைவேறியது. அந்தச் சாதனையை 2025 ஏப்ரல் 1ம் தேதி முறியடித்தவர் நியூ ஜெர்சியின் கறுப்பின செனட்டர் கோரி புக்கர். 25 மணி 5 நிமிடம், டிரம்ப் அரசுக்கு எதிராக. அவர் பேசியதாலும் எந்த அரசாணையும் மாறவில்லை. நியூவர்க் நகர மேயராக இருந்தபோது அவருக்கு ஒரு போலீஸ் கமிஷனரை மாற்றும் அதிகாரமாவது இருந்தது.

கேள்வியின் கூர்மை

தடுப்பதைத் தவிர இன்னொரு பலம் உண்டு. விசாரிப்பது. ஹாரி ட்ரூமன் மிசௌரியின் ஜூனியர் செனட்டராக இருந்தபோது, ராணுவ முகாம்கள் கட்டுவதில் பணம் வீணாவதாகக் கேள்விப்பட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போய்ப் பார்த்தார். 1941ல் அவர் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி அமைந்தது. ஆரம்ப நிதி வெறும் 15,000 டாலர். அந்தக் கமிட்டி போர்க்காலக் கொள்ளைகளைத் தோண்டி எடுத்ததில் பெரிய கம்பெனிகள் நடுங்கின. ஆனால் 1943ல் ஒரு மர்மமான ராணுவச் செலவைப் பற்றி விசாரித்தபோது, போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அதைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ட்ரூமன் விட்டுவிட்டார். 1945 ஏப்ரல் 12ம் தேதி ரூஸ்வெல்ட் இறந்து, துணை அதிபராக 82 நாட்களே இருந்த ட்ரூமன் அதிபரானார். அன்று மாலைதான் அதே ஸ்டிம்சன் அவரிடம் புதிய ஆயுதம் ஒன்றைப் பற்றி முதலில் வாய் திறந்தார். அவர் தேடிய செலவு அணுகுண்டு.

அதே ஆயுதத்தின் மறுமுனை விஸ்கான்சினின் ஜூனியர் செனட்டர் ஜோ மெக்கார்த்தி. 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசும்போது, வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். எந்த அதிகாரியையும் நீக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் பெயரைச் சொன்னாலே வேலை போகும் என்ற பயத்தை நான்கு வருடம் அவரால் காப்பாற்ற முடிந்தது. அமைச்சர்களும் தளபதிகளும் அவருக்கு அஞ்சினார்கள். 1954 டிசம்பரில் செனட்டே 67-22 என்று அவரைக் கண்டித்த பிறகுதான் ஓய்ந்தார். அந்தக் காலத்தில் விஸ்கான்சினின் சீனியர் செனட்டர், வெளியுறவுக் கமிட்டியின் தலைவராகவே இருந்த அலெக்சாண்டர் வைலி. அவரை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இரண்டு பக்கமும் பார்த்தவர்கள்

திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் இந்த ஏணியின் பல படிகளைப் பார்த்தவர். கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, வீட்டுக் கடன் மோசடிக்காக வங்கிகளுடன் நடந்த பேச்சுவார்த்தையிலிருந்து 2011ல் வெளிநடப்பு செய்தார். 2012ல் சமரசம் கையெழுத்தானபோது மாநிலத்துக்குக் கிடைத்தது சுமார் 1,800 கோடி டாலர் மதிப்புள்ள நிவாரணம். முதலில் பேசப்பட்டதைவிடப் பல மடங்கு. 2017ல் ஜூனியர் செனட்டரானார். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு நியமிக்கப்பட்ட பிரெட் கவனாவை 2018ல் அவர் குறுக்கு விசாரணை செய்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. கவனா 50-48 என்ற கணக்கில் நீதிபதியாகிவிட்டார்.

கும்பல் கொலையை மத்தியக் குற்றமாக்கும் சட்டத்துக்காக ஹாரிஸ், புக்கர், குடியரசுக் கட்சியின் டிம் ஸ்காட் மூவரும் சேர்ந்து உழைத்தார்கள். இப்படி ஒரு சட்டம் கொண்டுவரும் முயற்சி ஒரு நூற்றாண்டாகத் தோற்றுவந்தது. 2020 பிப்ரவரியில் கீழ்ச்சபை 410-4 என்று தன் மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. ஜூன் 4ம் தேதி, மினியாபொலிசில் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்த அதே நாளில், ஹாரிசும் புக்கரும் செனட்டில் அதற்காகக் குரல் தழுதழுக்கப் பேசினார்கள். மசோதாவின் வாசகம் மிக அகலமாக இருக்கிறது என்று ஒருவர் தடுத்துவிட்டார். கென்டக்கியின் ஜூனியர் செனட்டர் ராண்ட் பால். 2011ல் ஜிம் பன்னிங் காலி செய்த அதே நாற்காலி! வாசகம் திருத்தப்பட்டு, பாலும் ஆதரித்து, 2022 மார்ச்சில்தான் அது சட்டமானது. அதற்குள் ஹாரிஸ் துணை அதிபர்.

துணை அதிபர் பதவியோ விசித்திரமானது. நிர்வாகத்தில் இரண்டாம் இடம்; சொந்தமாக உத்தரவு போட ஏறக்குறைய எதுவும் இல்லை. செனட்டில் சமநிலை வந்தால் மட்டும் ஓட்டுப் போடலாம். சபை பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருந்ததால் ஹாரிசுக்கு அந்த வாய்ப்பு 33 முறை கிடைத்தது. 19ம் நூற்றாண்டில் ஜான் கால்ஹவுன் படைத்த சாதனை 31. 2022 ஆகஸ்டில் பருவநிலை, மருந்து விலை தொடர்பான பெரிய சட்டம் 51-50 என்று நிறைவேறியது அவர் ஓட்டால். அவர் காலி செய்த செனட் இடத்துக்கு அலெக்ஸ் படியாவை நியமித்தவர் கலிபோர்னியா கவர்னர் கேவின் நியூசம்.

அந்தப் படியா 2025 ஜூன் 12ம் தேதி லாஸ் ஏஞ்சலீசில், அன்றைய உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டி நோமின் பத்திரிகையாளர் கூட்டத்தில் கேள்வி கேட்க முயன்றார். பாதுகாவலர்கள் வெளியே இழுத்து, தரையில் தள்ளி, கைவிலங்கு போட்டார்கள். கலிபோர்னியாவின் சீனியர் செனட்டர் அவர்! நியூசமுக்கும் அந்த மாதம் நல்ல மாதமில்லை. அவர் எதிர்த்தும் அவரது நேஷனல் கார்டு படையை அதிபர் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்.

மார்கோ ரூபியோ 14 வருடம் செனட்டில் இருந்தார். அதில் எட்டு வருடம் புளோரிடாவின் ஜூனியர். வெளிநாட்டு உதவியை ஆதரித்துப் பேசியவர். அப்போது அவர் கையில் இருந்தது நூறில் ஒரு ஓட்டு. 2025 ஜனவரியில் 99-0 என்று ஒப்புதல் பெற்று வெளியுறவு அமைச்சரானார். மார்ச் 10ம் தேதி, அமெரிக்க உதவி நிறுவனத்தின் திட்டங்களில் 83 சதவிகிதம், அதாவது சுமார் 5,200 கான்ட்ராக்டுகள், ரத்து என்று அறிவித்தார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மருந்துக்கும் உணவுக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்களுக்காக எந்தச் செனட்டரும் 'ஆட்சேபிக்கிறேன்' என்று எழுந்து நிறுத்த வழியிருக்கவில்லை. அது சபைக்கே வரவில்லை.

நிர்வாகத்தின் பேனாவுக்கு ஒரு குறை உண்டு. எழுதிய வேகத்தில் அழிக்கவும் அழிக்கலாம். சிறுவயதில் சட்டவிரோதமாக அழைத்து வரப்பட்டவர்களுக்கு உரிமை தரும் மசோதா, ஒபாமா செனட்டில் இருந்த 2007லும், அதிபராக இருந்த 2010லும் 60 ஓட்டு கிடைக்காமல் விழுந்தது. 2012ல் அவர் அரசு சட்டமில்லாமல் உத்தரவாகவே அவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது. சுமார் எட்டு லட்சம் பேர் பயனடைந்தார்கள். 2017ல் அடுத்த அரசு அதை ரத்து செய்யப் புறப்பட்டது. 2020ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று குறுக்கிட்டதால் தப்பியது. சட்டமாகியிருந்தால் அந்த இளைஞர்கள் தேர்தலுக்குத் தேர்தல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் செனட்டர்களே எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது சுவாரசியமானது. 2025ல் மட்டும் மூன்று செனட்டர்கள் தங்கள் மாநிலத்தில் கவர்னர் பதவிக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தார்கள். கொலராடோவின் மைக்கேல் பென்னட், 2009ல் ஒரு கவர்னரின் நியமனத்தால் செனட்டுக்கு வந்தவர். இரண்டாமவர் டென்னசியின் மார்ஷா பிளாக்பர்ன். மூன்றாமவர், பத்து மாதம் ராணுவத்தின் பதவி உயர்வுகளைப் பிடித்துவைத்திருந்த டாமி டியூபர்வில்.